தேசிக்காய் பட்ட பளிங்கு

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண்ணைப் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். எந்த இடத்தில் லகரம், எந்த இடத்தில் ழகரம் என்று இன்றைக்கும் சந்தேகம். வாசிக்கிற நீங்கள் பிழையைத் திருத்திக்கொண்டு வாசியுங்கள். மகள்தான் எழுதச் சொன்னாள்.

அவள் போன மாதம் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கினாள். குசினியில் வெள்ளைப் பளிங்கு பதித்த மேசை. நான் மீன் வெட்டி வைத்துவிட்டு, தேசிக்காயைப் பாதியாக அரிந்து அந்த மேசையில் கவிழ்த்து வைத்தேன். பாய்ந்து வந்து எடுத்தாள்.

"அப்பா, பளிங்கிலை தேசிக்காய் வைக்கக்கூடாது. புளி கல்லைத் தின்னும். உங்களுக்குத் தெரியாதே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நொர்வேயில் இருக்கிற தமிழர்களில் இது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க முடியாது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். இது நடந்தபோது அவளுக்கு எட்டு வயது, கொழும்பில் தாயோடு இருந்தாள். தன்னுடைய பயணம் ஏன் பிந்தியது என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது.

நான் இந்த நாட்டில் முதன்முதலில் நெடுநாள் துப்புரவு வேலை செய்தது ஒரு பழைய கட்டடத்தில். ஒஸ்லோ நகரின் நடுவில், ஒரு மேட்டில், மஞ்சள் செங்கல்லால் கட்டிய மூன்று மாடி. மரவியாபாரம் செய்து பணம் சேர்த்த ஒருவர் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்காகக் கட்டிக் கொடுத்ததாம். நான் போன காலத்தில் பிள்ளைகள் இல்லை. மேல் மாடிகளில் அலுவலகங்கள் இருந்தன. கீழே இருந்த பெரிய மண்டபத்தைக் கச்சேரிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஆனால் வீடு பிள்ளைகளுடையதாகவே இருந்தது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மாடிப்படியின் ஓரத்தில் இரண்டு கைப்பிடிகள். ஒன்று பெரியவர்களின் உயரத்துக்கு. அதற்குக் கீழே, என் தொடையளவு உயரத்தில், மற்றொன்று பிள்ளைகளுக்கு. இரண்டும் ஒரே மரம்தான். பெரியவர்களுடையது இன்னும் முரடாக இருந்தது. சின்னக் கைப்பிடியோ எண்ணெய் பூசியதுபோல வழுவழுப்பாக, நடுவில் சற்றுத் தேய்ந்து கிடந்தது. எத்தனை கைகள் தடவியிருக்க வேண்டும். பிள்ளைகள் அதில் ஏறி வழுக்கி விளையாடக் கூடாதென்று ஒரு முழத்துக்கு ஒன்றாகப் பித்தளைக் குமிழ் பூட்டியிருந்தார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மட்டும் ஒரு குமிழ் இல்லை. திருகாணி இருந்த துளை மட்டும் இருந்தது. எந்தக் குறும்பனோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறான். நான் குமிழ்களை மினுக்குகிற நாட்களில் அந்தத் துளையையும் ஒரு தரம் துடைத்துவிடுவேன்.

யன்னல்கள் ஆளைவிட உயரமானவை. கண்ணாடி பழைய கண்ணாடி, அலையலையாக இருக்கும். உள்ளே நின்று பார்த்தால் வெளியில் நிற்கிற மரம் தண்ணீருக்குள் நிற்பதுபோல நெளியும். தலையை அசைத்தால் மரமும் அசையும். வேலை நேரத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நின்று இரண்டொரு தரம் பிடிபட்டிருக்கிறேன். குளிர் தொடங்க முன் உள் யன்னலுக்கும் வெளி யன்னலுக்கும் நடுவில் பஞ்சு வைப்பார்கள். ஈரத்தை அது குடித்துவிடுமாம். அப்படி ஒரு புத்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நிலம் முழுக்கப் பலகை. இரண்டு உள்ளங்கை அகலப் பலகைகள். அவற்றைப் பச்சைச் சவர்க்காரம் போட்டு, மரத்தின் நாரோடு நாராகத்தான் துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கக் கூடாது. அந்தச் சவர்க்காரத்தில் ஊசியிலை மரத்தின் வாசம் அடிக்கும். காலையில் கதவைத் திறந்தவுடன் அந்த வாசம் வந்து முகத்தில் படும். நகரத்தின் ஓரத்தில், ரொம்மனில், நாலு ஆண்கள் இருந்த எங்கள் வீட்டில் காலையில் அடிக்கும் வாசத்தை இங்கே எழுத வேண்டியதில்லை.

அந்தக் கட்டடத்துக்கு ஒத்வார் என்பவர் வக்த்மெஸ்தர். கட்டடத்தின் பூட்டு, குழாய், கூரை, சுவர் எல்லாம் அவர் பொறுப்பு. முப்பது வருடமாக அதிலேயே இருந்தவர். அறுபத்தாறு வயது, நெடிய ஆள். அவர் என்னோடு நொர்வேஜிய மொழியில்தான் பேசினார், ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்கு எங்களுடைய தமிழில்தான் ஞாபகத்தில் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன். நான் வெட்கம் பிடித்தவன். ஒருவர் கேட்டால்தான் பதில் சொல்வேன், அதையும் சுருக்கமாகச் சொல்வேன். ஒத்வாரும் அதிகம் பேசாதவர். அதனால் எங்கள் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. கோப்பி இடைவேளையில் எதிரெதிரே கதிரையில் இருந்து ஒரு சொல்லும் பேசாமல் குடித்துவிட்டு எழும்புவோம். அவர் "ம்" என்பார். நானும் "ம்" என்பேன்.

அப்போது எனக்கு ஒரே ஒரு காரியம்தான் தேவையாக இருந்தது. நிரந்தர வேலை என்று ஒரு கடிதம். அது இருந்தால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் செய்யலாம். அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் ஓர் உறவினர் வீட்டில், ஒரே அறையில், பெட்டியையும் அவிழ்க்காமல் காத்திருந்தார்கள். துப்புரவுக் கம்பனி, வக்த்மெஸ்தர் நல்லதாக எழுதிக் கொடுத்தால் நிரந்தரமாக்குகிறோம் என்றது. மாத முடிவில் எழுதித் தருகிறேன் என்று ஒத்வாரும் சொல்லியிருந்தார்.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் வேலைக்குப் போனது கொக்குவிலில் மா, மிளகாய்த்தூள் அரைக்கிற ஒரு மில்லுக்கு. அங்கே ஆயுதபூசை பெரிதாக நடக்கும். இயந்திரம், அரிதட்டு, தராசு, சாவி, கதவு நிலை ஒன்றையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைப்போம். வருடம் முழுக்க உழைத்த பொருளுக்கு அன்றைக்கு ஒரு நாள் ஓய்வும் மரியாதையும். நொர்வேக்கு வந்து இரண்டு மூன்று வருடம் அதை விட்டுவிட்டேன். அந்த வருடம் ஒக்ரோபரில், ஏனோ விட மனம் வரவில்லை. இந்தக் கட்டடம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் உண்மை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குப் போனேன். ஒருவரும் வரவில்லை. வாளிக்கு ஒரு பொட்டு. துடைப்பத்தின் தடிக்கு ஒரு பொட்டு. நிலம் கழுவுகிற இயந்திரத்துக்கு மூன்று. ஊரில் லொறிச் சில்லுக்குத் தேசிக்காய் வைத்து நசிப்பதுபோல, அந்த இயந்திரத்தின் சின்னச் சில்லுக்கடியிலும் ஒரு தேசிக்காயை வைத்து உருட்டினேன். அது நசியவில்லை. வழுக்கிக்கொண்டு அலுமாரிக்கடியில் ஓடியது. மூன்றாம் தரம்தான் நசிந்தது. யாராவது பார்த்திருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மாடிப்படி தொடங்குகிற இடத்தில், இரு பக்கமும் வெள்ளைப் பளிங்கில் இரண்டு குட்டைத் தூண்கள் நிற்கும். அந்தக் கட்டடத்தில் பளிங்கு அது மட்டும்தான். மேலே ஏறுகிற எல்லாப் பிள்ளைகளும் அதில் கை வைத்துத்தான் ஏறியிருப்பார்கள், தலை உருண்டையாகத் தேய்ந்திருந்தது. வலப்பக்கத் தூணுக்கு முன்னால் நின்றேன். குங்குமத்தைத் தண்ணீரில் நன்றாகக் குழைத்து ஒரு பொட்டு வைத்தேன். எட்டு மணிக்கு ஆட்கள் வர முன் துடைத்துவிடுவோம் என்று நினைத்தேன்.

மூன்றாம் மாடிக் கழிவறையில் தண்ணீர் பொங்கிவிட்டது என்று, நேரத்தோடு வந்த அலுவலக ஆள் ஒருவர் கூப்பிட்டார். நான் கீழே இறங்கியபோது மத்தியானம். துடைத்தேன். குங்குமம் போய்விட்டது, சிவப்பு போகவில்லை. கல் அதைக் குடித்துவிட்டது. ஒரு குரோனர் காசளவு வட்டம். சவர்க்காரம் போட்டேன். வட்டம் சிரித்துக்கொண்டு நின்றது.

வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடத்தினார்கள். பளிங்குக்கு அமிலம் ஆகாது என்று அதில் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அமிலம் என்றால் போத்தலில், மண்டையோடு படம் போட்டு வரும். தேசிக்காய் அமிலம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் செம்பு, பித்தளை, குத்துவிளக்கு எல்லாம் தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். இயந்திரத்துக்கடியில் நசிந்த தேசிக்காய் கைக்கெட்டியது. சாப்பாட்டுப் பெட்டியில் உப்பு இருந்தது. கால் மணித்தியாலம் உரஞ்சினேன்.

சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பானது. ஆனால் அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கல்லின் மினுக்கம் செத்துப்போனது. வெண்படலம் விழுந்த கண் மாதிரி இருந்தது. கையை வைத்தால் அந்த இடம் மட்டும் சொரசொரத்தது. நூறு வருடம் பிள்ளைகளின் கைகள் வழவழப்பாக்கிய கல்லை நான் பதினைந்து நிமிடத்தில் கெடுத்துவிட்டேன்.

பின்னேரம் ரொம்மனில், என் அறையைப் பகிர்ந்திருந்த ராசன் அண்ணையிடம் சொன்னேன். அவர் பேருந்துகள் கழுவுகிற இடத்தில் வேலை செய்தவர். வாய் சும்மா இருக்காது.

"அடேய், கல்லுக்குப் பொட்டு வைச்சனி, சரி. பிறகு ஏன்ரா தேசிக்காயாலை உரஞ்சினனி? அது என்ன, கொம்மாவின்ரை செம்புக் குடமே?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வாயைத் திறக்க வேண்டாம் என்றார். ஒருவரும் பார்க்கவில்லை, மாதம் முடியட்டும், கடிதம் கைக்கு வரட்டும் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. பேசாமல் இருக்கிற வேலை எனக்குப் பழக்கமானதுதானே.

புதன்கிழமை காலை ஒத்வார் அந்தத் தூணுக்கு முன்னால் நிற்பதைக் கண்டேன். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், குனிந்து பார்த்தார். மண்டபத்துச் சுவரில் தீயணைக்கிற பழைய வாளிகள் ஆறு தொங்கும். அவற்றுக்குச் சிவப்பு மை பூசுகிற வேலையை அவர் அந்த வாரம் செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"வாளியைக் கொண்டு போகேக்கை சிந்திப்போட்டன் போலை. பிறகு எதையோ போட்டுத் துடைச்சிருக்கிறன். என்னத்தாலை துடைச்சன் எண்டு எனக்கு ஞாபகமே இல்லை."

நான் "ம்" என்றேன். அன்றுவரை அந்த "ம்"மில் ஒரு பொய்யும் இருந்ததில்லை.

கோப்பி நேரத்தில் அவர் கோப்பி குடிக்கவில்லை. முப்பது வருடத்தில் இந்த வீட்டில் தன் கையால் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்றார். சற்றுப் பொறுத்து, தன் தாய்க்கும் அறுபத்தாறு வயதில்தான் மறதி நோய் தொடங்கியது என்றார். கடைசியில் அவ பெற்ற மகனையே யாரென்று கேட்டாவாம். அவர் என்னோடு ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பூட்டையும் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கத் தொடங்கினார். சாவிகளுக்குக் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டினார். முப்பது வருடம் இருட்டில் கையால் தடவியே எடுத்த சாவிகள் அவை.

வியாழன் சொல்ல நினைத்தேன். வெள்ளி சொல்ல நினைத்தேன். சனி ஞாயிறு வீட்டில் இருந்தேன். கொழும்புக்குப் போன் எடுத்தபோது, பிள்ளைகளுக்கென்று தனிக் கைப்பிடி இருக்கிற வீட்டைப் பற்றி மகள் மறுபடியும் கேட்டாள். தான் வந்ததும் அதைப் பிடித்து ஏறலாமா என்றாள். ஓம் என்றேன். தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு ராசன் அண்ணை என் முகத்தைப் பார்த்தார். பகிடி ஒன்றும் விடவில்லை, தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற பகுதியிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு பெண் வந்து வீட்டைப் பரிசோதித்துப் போவார். திங்கட்கிழமை வந்தார். காதில் பென்சில், கையில் விளக்கு. நான் படியில் நின்று சின்னக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒத்வார் அவரை நேரே அந்தத் தூணடிக்குக் கூட்டி வந்தார்.

"இது என்ரை வேலை," என்றார். "செய்தது ஞாபகம் இல்லை. இனி இந்த வீட்டை என்னட்டை விடுறது சரியில்லை எண்டு எழுதுங்கோ."

நான் "நான்தான்" என்றேன். குரல் வரவில்லை, அவர்கள் திரும்பவும் இல்லை. இரண்டாம் தரம் சொன்னபோது அது தேவைக்கு மேலே பெரிதாக வந்து மண்டபத்தில் எதிரொலித்தது. இரண்டு பேரும் திரும்பினார்கள். அதற்கு மேல் எனக்கு ஒரு நொர்வேஜியச் சொல்லும் வரவில்லை. துடைப்ப அறைக்கு ஓடினேன். பொட்டு வைத்த வாளி, காய்ந்துபோன தேசிக்காய், குங்குமம் சுற்றிய காகிதச் சரை மூன்றையும் கொண்டு வந்து அவர்கள் காலடியில் வைத்தேன். விரலைக் குங்குமத்தில் தொட்டேன், தூணைக் காட்டினேன். தேசிக்காயை எடுத்து உரஞ்சிக் காட்டினேன்.

அந்தப் பெண் முழங்காலிட்டு வாளியின் பொட்டைப் பார்த்தார். தேசிக்காயை மணந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஏன் என்று கேட்டார். வேலை செய்கிற பொருட்களுக்கு வருடத்தில் ஒரு நாள் நன்றி சொல்வோம் என்று உடைந்த பாஷையில் சொன்னேன்.

"இந்தத் தூண் உங்களுக்கு என்ன வேலை செய்தது?"

"வடிவான வீடு" என்று மட்டும் சொன்னேன்.

அவர் எழுதினார். நீளமாக எழுதினார். மினுக்கலாம், ஆனால் மினுக்கினால் நல்ல கல்லும் சேர்ந்து தேயும், அதனால் தொடக் கூடாது, இப்படியே இருக்கட்டும் என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஒத்வாரைப் பார்த்தேன். அவர் படியில் இருந்துவிட்டார். இரண்டு கைகளையும் விரித்து, வேறு ஒருவருடைய கைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஓர் ஆறுதல் வந்தது, பிறகு அது போனது.

"ஐஞ்சு நாள்," என்றார். எழுந்து போய்விட்டார்.

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இரண்டு கிழமை கோப்பியைத் தன் அறைக்குள்ளேயே குடித்தார். மாத முடிவில் கடிதம் எழுதினார். நான் நன்றாக வேலை செய்கிறவன் என்றும், பளிங்கைக் கெடுத்தவன் என்றும், பிந்தியாவது தானாக வந்து சொன்னவன் என்றும் மூன்றையும் எழுதியிருந்தார். ஒன்றைக் கூட்டவும் இல்லை, ஒன்றைக் குறைக்கவும் இல்லை. கம்பனி அதை வாசித்துவிட்டு இன்னும் ஆறு மாதம் பார்ப்போம் என்றது.

மனைவியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் பெட்டியை அவிழ்க்கிறன்," என்றாள். "பிள்ளையை இஞ்சை பள்ளிக்கூடத்திலை சேர்க்கவேணும். எத்தினை நாளைக்குச் சும்மா வைச்சிருக்கிறது." பிறகு, வைக்கப் போகிற நேரத்தில், "அந்தக் கிழவன் இப்ப நித்திரை கொள்ளுறாரோ?" என்று கேட்டாள்.

ஆறு மாதம் முடிந்து நிரந்தர வேலைக் கடிதம் வந்தது. விண்ணப்பம் போட்டோம், அது ஒரு பக்கம் நடந்தது. அடுத்த ஒக்ரோபர் வந்தபோது எனக்குச் சந்தனம் குங்குமம் வாங்கவே பயமாக இருந்தது. ஒத்வார்தான், அந்தப் பண்டிகை எப்போது என்று கேட்டார். இந்த முறை தன் பட்டறை மேசையில் செய், கல்லுப் பக்கம் போகாதே என்றார். மேசையில் பழைய பத்திரிகை விரித்து வைத்திருந்தார். நான் வாளி, துடைப்பம் எல்லாம் கொண்டு போய் வைத்துப் பொட்டு வைத்தேன். முடிந்தது என்று நினைத்தபோது அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, தன் இரண்டு கைகளையும் பத்திரிகையின் மேல் வைத்தார். மை பட்ட, நகம் பிளந்த பெரிய கைகள்.

நான் தயங்கினேன். "வை," என்றார். "முப்பத்தொரு வருசம் இதுகள்தான் வேலை செய்தது."

புறங்கையில் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். அதன் பிறகு கோப்பி குடித்தோம். "ம்" என்றார்.

அவர் ஓய்வு பெற்றபின் வந்த வசந்த காலத்தில் மனைவியும் மகளும் வந்தார்கள். மகள் வந்த அந்த வாரமே அந்தப் படிகளில் ஏறினாள். ஏழு வருடம் கழித்துக் கட்டடத்தை விற்றார்கள். இப்போது உள்ளே வீடுகள், வெளிக்கதவில் இலக்கம் அழுத்துகிற பூட்டு. ஒத்வார் இறந்துவிட்டார். கடைசிவரை அவருக்கு ஒரு மறதியும் வரவில்லை என்று அவருடைய மனைவி சொன்னார். ராசன் அண்ணை மகனோடு கனடாவுக்குப் போய்விட்டார்.

நான் இன்னும் துப்புரவு வேலைதான் செய்கிறேன். புதிய கட்டடங்கள், வெளிச்சமான கட்டடங்கள், எனக்கு அவற்றில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எதிலும் வக்த்மெஸ்தர் என்று ஓர் ஆள் இல்லை. ஏதாவது உடைந்தால், சுவரில் ஒட்டியிருக்கிற இலக்கத்துக்குப் போன் அடிக்க வேண்டும். ஒரு பதிவுக் குரல் பேசும், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்னும். போன வருடம் ஒரு கண்ணாடிக் கதவில் என் இயந்திரம் இடித்துக் கீறிவிட்டது. அன்றைக்கே போன் அடித்துச் சொன்னேன். நன்றி, பதிந்துகொண்டோம் என்றது. அதன் பிறகு ஒருவரும் வந்து அந்தக் கீறலைக் குனிந்து பார்க்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

ரொம்மன்,
29 ஒக்ரோபர் 2023